தோட்டத்து மாட்டின் பாலை ஆய்வகம் பார்க்கட்டும்

புதுப்பாலில் 2025-க்குள் முழுத் தன்னிறைவு என்று மலேசிய அரசாங்கம் அறிவித்த காலத்தில், நாடு குடிக்கும் புதுப்பாலில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான் இங்கே கறக்கப்பட்டது. மீதியை ஈடுகட்ட உயர்ரக மாடுகளை வெளிநாட்டிலிருந்து இறக்குவதே வழி என்று பேசப்படுகிறது. இதே வேளையில் பேராக்கில், தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் மாடு வளர்த்தவர்களுக்கு "மாடுகளை வெளியேற்றுங்கள்" என்று கடிதம் வருகிறது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவர் குறைவு. சேர்த்துப் படித்தால் ஒரு கேள்வி எழும். இந்த மண்ணின் வெக்கையில் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த மாட்டின் மடிக்குள் என்ன நடக்கிறது என்று சரியாகப் பார்க்காமலே அதைக் கைவிடப் போகிறோமா?

லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை

தோட்டத்துக்கு வந்த நம்மவர்களுக்குக் கூலி போதாது. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மாடு கட்டிக்கொண்டார்கள். காலைப் பெயர்க் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே கறந்து, பிள்ளைகளுக்கு வைத்தது போக மீதியை வீடு வீடாக ஊற்றினார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. ஆக, தோட்டத்தில் மாடு கட்டுவது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை என்று இன்று பேசுவது சரியல்ல.

பால்மரக் காட்டில் மேய்ச்சலுக்குக் குறைவே இருந்ததில்லை. மண் அரிக்காமலிருக்க நிர்வாகங்கள் விதைத்த புவேரியா, செண்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்கள் எல்லாம் புரதம் மிகுந்த பயறு வகைக் கொடிகள். மேலே நிழல், கீழே தீவனம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மாடு மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் சாலையோரத்துக்கு வந்து நிற்கிறது.

ஈப்போ நகரத்தை ஒட்டியும் மாடு வளர்த்தார்கள். 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து விழுந்து சுமார் நாற்பது பேர் மாண்டபோது, அடிவாரத்துக் கொட்டில்களில் கட்டியிருந்த மாடுகளும் மாண்டன.

இந்த மாடுகளுக்கு அரசாங்கக் கணக்கில் ஒரு பெயர் உண்டு: லோக்கல் இந்தியன் டெய்ரி, சுருக்கமாக எல்ஐடி. இந்தியாவிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்த பல இனங்கள் தமக்குள்ளும் உள்ளூர் மாடுகளோடும் கலந்து உருவான கூட்டம் இது. நாளுக்குச் சில லிட்டர்தான் கறக்கும். அதனால்தான் 1970-களிலிருந்து கால்நடை இலாகா ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாஹிவால், ஃப்ரீஷியன் கலப்பு மாடுகளைக் கொண்டுவந்து 'மஃப்ரிவால்' என்ற கலப்பினத்தை வளர்த்தது. இப்போது நெகிரி செம்பிலான், கெமாஸில் எஃப் அண்ட் என் நிறுவனம் 20,000 கறவை மாடுகளை இலக்காக வைத்து ஹோல்ஸ்டீன் என்ற உயர்ரக இன மாட்டுப் பண்ணை எழுப்பி வருகிறது.

அந்தப் பண்ணையின் மீது எனக்குக் குறை எதுவுமில்லை. குளிரூட்டிய கொட்டகையும் விசிறியும் போடப் பணம் உள்ளவர்கள் ஹோல்ஸ்டீன் வளர்க்கட்டும். சுங்கை சிப்புட்டில் பதினைந்து மாடு வைத்திருப்பவருக்கும் அதே மாடுதான் விடை என்று சொல்லும்போதுதான் சிக்கல்.

எந்த மரபணு இன்று வேலைக்கு வந்தது?

பால் குறைந்தால் "இனம் சரியில்லை" என்போம். இனம் என்பது மரபணு. ஆனால் மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. மாட்டின் காதிலும் குளம்பிலும் மடியிலும் உள்ள செல்களில் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் எத்தனை ஆள் இருந்தாலும், இன்று வேலைக்கு வந்தது யார் என்பது காலைப் பெரட்டில்தானே தெரியும்? அப்படி, ஒரு செல்லுக்குள் இந்த நேரத்தில் எந்தெந்த மரபணு வேலைக்கு வந்திருக்கிறது, எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பதைத்தான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு என்கிறார்கள்.

எண்ணுவது எப்படி? வேலைக்கு வந்த மரபணு ஆர்என்ஏ என்ற நகலை எடுத்துத் தள்ளும். அந்த நகல்களை எண்ணினால் போதும். கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர் சோதனை தேடியதும் ஆர்என்ஏயைத்தான். கிருமியின் ஆர்என்ஏயைத் தேடிய அதே வகைக் கருவியால் மாட்டின் ஆர்என்ஏயையும் அளக்கலாம்.

முன்பெல்லாம் இதற்கு மடியில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டியிருந்தது. எந்த மாட்டுக்காரர் சம்மதிப்பார்? இப்போது பாலே போதும். சுரப்புச் செல் கொழுப்புத் துளியை வெளியே தள்ளும்போது, சில துளிகளோடு செல்லின் உட்பொருளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. கறந்த பாலை உடனே பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு மேலே கெட்டியாகத் திரண்டு நிற்கும். அதை வழித்தெடுத்தால் அதற்குள் மடியின் ஆர்என்ஏ இருக்கிறது. பாலில் மிதந்து வரும் செல்களிலிருந்தும் எடுக்கலாம். இந்தியாவில் கர்னாலில் உள்ள கால்நடை மரபு வள ஆய்வு மையத்தார் சாஹிவால் மாடுகளை இந்த முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

'மரபணு' என்றதும் சிலர் பயப்படுவார்கள். இதில் மாட்டுக்குள் எதையும் செலுத்துவதில்லை, எதையும் மாற்றுவதில்லை. கறந்த பாலில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதோடு சரி. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் பால்குடத்துக்கு இதனால் எந்தப் பங்கமும் வராது.

வெக்கை எங்கே போய் அடிக்கிறது

உலகெங்கும் இந்த ஆய்வுகள் சொன்னவற்றில் நமக்கு மிக முக்கியமானது வெப்பம் பற்றியது.

கறவை மாட்டின் வெப்பத் தொல்லையை வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்த ஒரு குறியீட்டால் அளப்பார்கள். 72-ஐத் தாண்டினால் ஹோல்ஸ்டீனுக்குத் தொல்லை ஆரம்பம் என்பது பழைய கணக்கு. 68-லேயே ஆரம்பம் என்பது பிந்திய ஆய்வு. ஈப்போவில் பிற்பகல் 33 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் குறியீடு 85-ஐத் தாண்டும். விடியற்காலை 24 டிகிரிக்கு இறங்கினாலும், ஈரப்பதம் 95 விழுக்காடு என்பதால் 74-க்கு மேல்தான். அந்த மாட்டுக்கு இரவிலும் ஓய்வில்லை.

வெயிலில் மாடு தீனி எடுக்காது, அதனால் பால் குறைகிறது என்று நாமெல்லாம் நினைத்திருந்தோம். அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். வெப்பத்தில் நிற்கும் மாடு எவ்வளவு தின்றதோ, குளுமையில் நிற்கும் மாட்டுக்கும் அளந்து அவ்வளவே போட்டார்கள். தீனி குறைந்ததால் போனது இழந்த பாலில் ஏறத்தாழப் பாதிதான். மீதிப் பாதியை வெப்பமே உடம்புக்குள் புகுந்து குறைத்தது. செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வெப்பத் தடுப்புப் புரதங்களைச் செய்வதில் இறங்கிவிடுகின்றன. உடம்பு சர்க்கரையைச் செலவழிக்கும் விதமே மாறிவிடுகிறது. மடிக்குப் போவது குறைகிறது. ஆகவே வெயிலில் கட்டிப்போட்டுவிட்டுப் புண்ணாக்கைக் கூட்டி வைப்பதால் பாதி நட்டத்துக்கு மேல் ஈடுகட்ட முடியாது.

புளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்டது இதைவிடக் கவலை தருவது. ஈனுவதற்கு முந்திய ஒன்றரை மாதம், அதாவது பால் வற்றி நிற்கும் சினை மாட்டை, அவர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் நிழல் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் விசிறியும் நீர்த் தெளிப்பும் கூடுதல். குளுமையில் நின்ற மாடுகள் ஈன்ற பிறகு தெளிவாகவே அதிகம் கறந்தன. மடியின் பழைய செல்கள் கழிந்து புதியவை தோன்றும் காலம் அந்த வற்றுக் காலம்தான். வெப்பம் அந்தப் புதுப்பிப்பைக் கெடுத்துவிடுகிறது.

கதை அதோடு முடியவில்லை. வெப்பத்தில் நின்ற தாய்களின் வயிற்றிலிருந்து பிறந்த கிடேரிகள் வளர்ந்து ஈன்றபோது, முதல் ஈற்றிலேயே நாளுக்குச் சுமார் 2 கிலோ குறைவாகக் கறந்தன. பேத்திகளிடமும் குறைவு தெரிந்தது. அந்தக் கிடேரிகளின் மடியில் மரபணு எழுத்து மாறவில்லை. மரபணுவின் மேல் ஒட்டி, எது வேலை செய்யலாம் எது கூடாது என்று தடுக்கும் வேதிக் குறிகள் மாறியிருந்தன.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சினையாக இறக்குமதி செய்யும் கிடேரி முதல் ஈற்றில் நன்றாகக் கறக்கும்; புகைப்படம் எடுப்பார்கள். இங்கே வெப்பத்தில் சினைப்பட்டு இங்கே பிறக்கும் அதன் மகள்தான் உண்மையான கணக்கு. புளோரிடாவில் தோற்ற பிரிவுக்கு நிழலாவது இருந்தது. பேராக்கில் ரப்பர் மரம் போன பிறகு, பால் வற்றிய மாட்டுக்குத்தான் எல்லாவற்றிலும் கடைசி இடம். கறக்கும் மாட்டைக் கொட்டகையில் கட்டி, வற்றிய மாட்டை வெளியே ஓட்டிவிடுவது நம்மிடையே பழக்கம். பால் தராத மாட்டுக்கு எதற்குச் செலவு என்பது ஏழை வீட்டின் கணக்கு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பல ஆண்டுகளின் பால் அந்த ஒன்றரை மாதத்தில்தான் தீர்மானமாகிறது.

எல்ஐடி மாடு கவனத்துக்குரியதாவதும் இங்கேதான். திமிலுள்ள இனங்கள் வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பது தெரிந்த விஷயம். எந்த மரபணுக்களின் வேலையால் தாங்குகின்றன, அதற்குப் பாலில் எவ்வளவு விலை கொடுக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. கரீபியன் தீவுகளின் செனபோல் மாட்டில் இப்படித் தேடியபோது, 2014-இல் ஒரு வியப்பு காத்திருந்தது. அதன் வழவழப்பான குட்டை முடிக்கும் வெப்பம் தாங்கும் குணத்துக்கும் காரணமான மாற்றம், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணுவிலேயே இருந்தது. அந்தக் குணத்தைக் கலப்பின் வழியாக ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்து, போர்ட்டோ ரிக்கோவிலும் புளோரிடாவிலும் பயன்படுத்துகிறார்கள். யாரும் பொருட்படுத்தாத ஒரு தீவு மாட்டிடமிருந்து வந்தது அது. நம் லயத்து மாட்டிடம் என்ன இருக்கிறது என்பதைத் தேடினால்தானே தெரியும்?

கன்று, கறவை, புண்ணாக்கு

மாட்டுக்காரர்களின் கைப்பழக்கங்கள் சிலவற்றையும் இந்த ஆய்வுகள் தொட்டிருக்கின்றன.

தோட்டத்து மாடு கன்றில்லாமல் பால் இறக்காது. கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டி முட்டி நான்கு காம்பையும் சப்பிய பிறகு, மடி விம்மியதும் இழுத்துத் தாயின் முன்காலில் கட்டுவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும்போது கறப்பார்கள். நவீனப் பண்ணையாளர் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். மடியைப் பொறுத்தவரை இது சரியான வழிதான். பால் மடியில் தேங்கி நின்றால் சுரப்புச் செல்களின் வேலை மந்தமாகும். நாளுக்கு ஒரே வேளை கறந்த மாடுகளின் மடியில், பாலின் புரதங்களையும் சர்க்கரையையும் செய்யும் மரபணுக்களின் வேலை தளர்வதைப் பிரான்ஸில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையில், ஈன்ற முதல் வாரங்களில் ஒரே மாட்டின் மடியில் ஒரு பாதியை நாளுக்கு நான்கு தடவையும் மறு பாதியை இரண்டு தடவையும் கறந்தார்கள். அதன் பிறகு இரண்டையும் சமமாகக் கறந்தும், அதிகம் கறக்கப்பட்ட பாதி தொடர்ந்து அதிகம் கொடுத்தது. வேறு வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் மட்டும் கறப்பவர்கள், ஈன்ற முதல் மூன்று வாரத்திலாவது மாலையிலும் கறந்தால் அந்த ஈற்று முழுவதும் பலன் இருக்கலாம்.

தீனிக்கு வருவோம். ரொட்டிக் கழிவு, சோற்றுக் கழிவு, எண்ணெய்ப் பிசுக்குள்ள தீவனம் எல்லாம் மலிவு. ஆனால் புல் குறைந்து இவை மிஞ்சினால், மாட்டின் வயிற்றுக் கிருமிகள் ஒரு வகைக் கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. அது மடிக்குப் போய்க் கொழுப்புச் செய்யும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதைத் தெளிவாக்கினார்கள். பால் அளவு குறையாது, கொழுப்பு மட்டும் இறங்கும். பால் சேகரிப்பு மையத்தில் கொழுப்பைப் பார்த்து விலை போடும்போது, "தண்ணீர் கலந்தாயா?" என்று கேட்பார்கள். கலந்திருக்க மாட்டார், புல் போதவில்லை, அவ்வளவுதான்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு பற்றி ஒரு வார்த்தை. நம் ஆலைகளிலிருந்து கிளம்பும் இந்தப் புண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்து மாடுகளின் வயிற்றுக்குப் போகிறது. நியூசிலாந்துப் பால்மாவு கப்பலேறி நம் தேநீருக்கு வருகிறது. அங்கேயோ, புண்ணாக்கு மிஞ்சினால் பாலின் கொழுப்புத் தன்மை மாறுகிறது என்று ஃபொன்தெரா நிறுவனம் 2015-இல் மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. 2018-இல் பாலின் கொழுப்புத் தன்மை அளவு மீறி மாறினால் விலைக் குறைப்பு என்ற முறையும் வந்தது. புண்ணாக்கு விளையும் நாட்டில் மாட்டுக்காரருக்கு அப்படி ஓர் அளவைச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்?

நிர்வாகங்களின் பக்கம்

தோட்ட நிறுவனங்களின் புகாரையும் தள்ளிவிட முடியாது. இளங்கன்றுச் செம்பனையை மாடு மிதிக்கும், குருத்தைத் தின்னும். சாலைக்கு வந்து விபத்தாகிறது. மோட்டார் சைக்கிளில் போன பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஆள் யாரென்று தெரியாமல் மாட்டை அவிழ்த்துவிட்டு, கறிக்கு விற்கும்போது மட்டும் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை.

ஆனால் வளர்ந்த செம்பனைக்குள் மின்வேலி போட்டு, முறை வைத்து மாடு மேய்ப்பது இந்த நாட்டிலேயே பல்லாண்டாக நடந்து வரும் முறை. களைக்கொல்லிச் செலவு குறைகிறது என்று நிறுவனங்களே கணக்குக் காட்டியிருக்கின்றன. கறிமாட்டுக்குச் சரிப்படுவது கறவை மாட்டுக்கு ஏன் சரிப்படாது?

என்ன செய்யலாம்

முதல் வேலை நோட்டுப் புத்தகமும் தராசும். எந்த மாடு எவ்வளவு கறந்தது என்ற பதிவு இல்லாமல் மரபணு ஆய்வு ஓர் அடி நகராது. மாதம் இரு முறை காலை, மாலைப் பாலை நிறுத்து எழுதினால் போதும். மாட்டுக்காரர் சங்கங்களும் கல்லூரியில் படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதை இப்போதே தொடங்கலாம்.

அடுத்தது, ஆய்வகத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1948-இல் தொடங்கிய கால்நடை ஆய்வு நிலையம் ஈப்போவிலேயே, ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் இருக்கிறது. நோயறிவதும் தடுப்பூசி தயாரிப்பதும் அதன் முதன்மைப் பணி. கிருமிகளின் ஆர்என்ஏயைக் கையாளப் பழகிய ஆட்கள் அங்கே உண்டு. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நாற்பது ஐம்பது மாடுகளில் ஒரு சிறிய ஆய்வை மாநில அரசு கேட்டுப் பெறலாம். எல்ஐடி, மஃப்ரிவால் இரண்டையும் நிழலில் சில, வெட்டவெளியில் சில என்று நிறுத்தி, சீம்பால் முதல் பால் வற்றும் வரை மாதிரி எடுக்கட்டும். முடிவுகள் ஆங்கில ஆய்விதழோடு நிற்காமல், தமிழில் ஒரு தாளாகப் பால் சேகரிப்பு மையத்தில் மாட்டுக்காரர் கையில் கிடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஆய்வு முடியும்வரை மாடுகள் இருக்க வேண்டுமே. ஜெராண்டுட்டில் உள்ள தேசியக் கால்நடைப் பல்லுயிர்க் கழகம், நல்ல தோட்டத்து மாடுகளின் காளைக் கன்றுகளைத் தேர்ந்து விந்தை உறைய வைத்துப் பாதுகாக்கட்டும். சினை ஊசி போட வரும் அதிகாரியின் பெட்டியில் சாஹிவாலும் எல்ஐடியும் இருந்தால், எதைப் போடுவது என்று மாட்டுக்காரர் தேர்ந்துகொள்வார்.

நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தோட்டம் கைமாறும்போதும் வீடமைப்புக்கு மாறும்போதும், ஏற்கெனவே பதிவு பெற்ற மாட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் ஒதுக்கீட்டை அனுமதியின் நிபந்தனையாக மந்திரி பெசார் அலுவலகம் சேர்க்கலாம். பதிலுக்கு, காதில் எண் அட்டை இல்லாத மாடு சாலையில் நின்றால் தண்டம் போடட்டும், மாட்டுக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆண்டுகள் ஆகும். பால் வற்றிய சினை மாட்டுக்கு ஒரு தகரக் கூரை, அதன் மேல் ஓலை, பக்கத்தில் நாள் முழுதும் தண்ணீர்த் தொட்டி என்பதற்கு ஒரு வாரம் போதும். கொட்டகையின் காற்றுப் போகும் பக்கத்தைத் திறந்து வைப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் தோட்ட நிலத்தில் நான்கு கம்பு நடவும் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் கிடைக்காமல் வெயிலில் நிற்கும் மாடுகள் சுங்கை சிப்புட் முதல் பத்து காஜா வரை உண்டு. பேராக்கின் தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடருக்கு முன் தத்தம் தொகுதித் தோட்ட நிர்வாகிகளை அழைத்துப் பேசி, அந்த ஒரு கடிதத்தை வாங்கித் தரட்டும்.